இதில் புதுமை எங்கே இருக்கிறது?

விண்ணப்பப் படிவத்தின் மூன்றாவது கேள்வி இப்படி இருந்தது: "உங்கள் திட்டத்தில், இதுவரை வேறு எவரும் செய்யாத அம்சம் என்ன? 200 சொற்களுக்குள் விளக்கவும்." உள்ளூர்த் தொண்டு அமைப்புகளுக்கான புதுமை விருது ஒன்றுக்கு நடுவர் குழுவில் உட்காரச் சொல்லி என்னை அழைத்திருந்தார்கள். என் பங்குக்கு வந்த விண்ணப்பங்களைப் படிக்கப் படிக்க, இந்தக் கேள்விதான் எல்லோரையும் பொய் சொல்ல வைக்கிறது என்று தோன்ற ஆரம்பித்தது. பச்சைப் பொய் இல்லை. ஒப்பனை போட்ட உண்மை. மாலையில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிற ஓர் அமைப்பு 'சமூகக் கற்றல் சூழலமைப்பு' ஆகியிருந்தது. பழைய துணியை வாங்கித் துவைத்து இல்லாதவர்களுக்குக் கொடுக்கிறவர்கள் 'வட்டப் பொருளாதார மாதிரி' ஆகிவிட்டார்கள். வீடு வீடாகப் போய்ப் பேசுகிறவர்களோ 'கடைசி மைல் இணைப்பாளர்கள்'. அவர்கள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. கேட்ட கேள்விக்குத்தானே பதில் எழுத முடியும்? வருடம் முழுக்கச் செய்கிற வேலையை விட்டுவிட்டு, அதில் யாருக்கும் இல்லாத ஓர் ஓரத்தைத் தேடிப் பிடித்து, அதற்கு ஒரு பெயரும் வைத்து அனுப்பியிருந்தார்கள்.

ஒரே ஒரு விண்ணப்பத்தில் மட்டும் அந்தக் கட்டம் ஏறக்குறையக் காலியாக இருந்தது. எழுதியிருந்தது இவ்வளவுதான்: "புதிதாகப் பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. முன்பு பொருளைத் திருப்பிக் கேட்பதற்காகப் போன் செய்வோம். இப்போது பொருந்துகிறதா என்று கேட்பதற்காகப் போன் செய்கிறோம்."

அந்த அமைப்புக்கு விருது கிடைக்கவில்லை. ஆண்டுகள் சில ஓடிவிட்டன. கிடைத்திருக்க வேண்டுமா, வேண்டாமா என்கிற வழக்கு மட்டும் எனக்குள் இன்னும் வாய்தா வாங்கிக்கொண்டே இருக்கிறது.

வாக்கருக்குப் பின்னால் ஒரு போன்

அவர்கள் செய்வது எளிய வேலை. அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்புகிறவர்களுக்கும், நடை தளர்ந்த முதியவர்களுக்கும் வாக்கர், வீல்சேர், சாய்த்து நிமிர்த்தக்கூடிய கட்டில் போன்றவற்றை இலவசமாகக் கொடுத்து, தேவை முடிந்ததும் திரும்பப் பெற்றுக்கொள்வது. இந்த மாதிரி வேலை செய்கிற எல்லா அமைப்புக்கும் இருக்கிற தலைவலி இவர்களுக்கும் இருந்தது: கொடுத்தது திரும்பி வராது. பதிவேட்டில் வாக்கர்கள் ஏராளம், அலமாரியில் ஒன்றுகூட இல்லை. முதலில் டெபாசிட் வாங்கிப் பார்த்தார்கள். டெபாசிட் கட்ட முடியாதவர்கள், அதாவது உண்மையிலேயே தேவைப்பட்டவர்கள், வாசலோடு திரும்பிப் போனார்கள். பிறகு நினைவூட்டிப் போன் செய்தார்கள். இரண்டாவது அழைப்புக்குப் பிறகு எவரும் எடுப்பதில்லை.

அந்த அமைப்பில் ஓய்வுபெற்ற நர்ஸ் ஒருவர் தன்னார்வலராக இருந்தார். போன் எடுக்காத வீடுகளுக்கு நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்தவர் அவர்தான். போன இடங்களில் பாதிக்கு மேல் வாக்கர் பயன்படாமலே ஒரு மூலையில் நின்றதாம், மேலே துணி காயப்போட்டபடி. காரணம் உயரம். வாக்கரின் கால்களில் வரிசையாகத் துளைகள் இருக்கும். ஸ்பிரிங் வைத்த ஒரு குமிழை அழுத்தினால் கால் நீளும், சுருங்கும். கையைப் பக்கவாட்டில் தொங்கவிட்டு நிமிர்ந்து நின்றால் கைப்பிடி மணிக்கட்டு மடிப்புக்கு நேராக வர வேண்டும். அப்போதுதான் பிடிக்கும்போது முழங்கை லேசாக மடங்கும், உடம்பின் பாரம் கைக்கு இறங்கும். மேலே இருந்தால் தோள் தூக்கிக்கொள்ளும், கீழே இருந்தால் ஆள் கூனிப் போவார். முந்தைய வீட்டில் உயரமான ஒருவருக்கு வைத்த அளவிலேயே வாக்கர் அடுத்த வீட்டுக்குப் போயிருக்கிறது. அங்கே குள்ளமான ஒரு பாட்டி இரண்டு நாள் பிடித்துப் பார்த்துவிட்டு, இதைவிடச் சுவரே மேல் என்று விட்டுவிட்டார்.

ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று கேட்டதற்கு எல்லா வீட்டிலும் ஏறத்தாழ ஒரே பதில்: "சும்மா குடுத்த பொருள்ல போய் எப்படிம்மா குறை சொல்றது?" குறை சொல்லவும் முடியவில்லை, பயன்படுத்தாமல் திருப்பிக் கொடுக்கவும் கூச்சம். போனை எடுக்காமல் இருப்பதுதான் அவர்களுக்குத் தெரிந்த மரியாதையான வழி. அமைப்போ இத்தனை நாளும் இதைப் பொறுப்பின்மை என்று நினைத்துக்கொண்டு ரசீதையும் கையெழுத்தையும் கூட்டிக்கொண்டே போயிருந்தது.

அதற்குப் பிறகு அவர்கள் செய்த மாற்றம்தான் அந்த இரண்டு வரி. பொருள் போய்ச் சேர்ந்த நாலாம் நாள் ஓர் அழைப்பு. திருப்பித் தருவதைப் பற்றிப் பேச்சே இல்லை. "கையைத் தொங்கப் போட்டு நின்னா பிடி எங்க வருது? பாத்ரூமுக்கு எடுத்துட்டுப் போக முடியுதா? வாசப்படியில இடிக்குதா?" பொருந்தவில்லை என்றால் ஒருவர் போய்ச் சரிசெய்து கொடுப்பார், அல்லது மாற்றிக் கொடுப்பார். இதைத் தொடங்கிய பிறகு பொருள்கள் கேட்காமலே திரும்பத் தொடங்கின என்று பின்னிணைப்பாகப் பதிவேட்டு நகலை வைத்திருந்தார்கள். ஒரே வாக்கர் முன்பைவிடப் பல வீடுகளுக்குப் போய் வந்தது அதில் தெளிவாகத் தெரிந்தது. புதிதாக எதையும் வாங்கவில்லை. டெபாசிட்டையும் எடுத்துவிட்டார்கள்.

நாற்பது மதிப்பெண்

நடுவர் கூட்டத்தில் எங்களுக்கு ஒரு மதிப்பெண் தாள் கொடுத்திருந்தார்கள். புதுமைக்கு நாற்பது, விரிவாக்க வாய்ப்புக்கு முப்பது, மீதி மற்றதற்கு. குழுவில் ஓய்வுபெற்ற இன்ஜினியர் ஒருவர் இருந்தார். எதையும் நேராகப் பேசுகிறவர், நான் மதிக்கிற ஆள். இந்த விண்ணப்பம் வந்ததும் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல புதுமை எங்க சார் இருக்கு? போன் பண்ணியிருக்காங்க. அவ்வளவுதானே?" என்றார். நான் பதிவேட்டைக் காட்டினேன். "விளைவு நல்லாத்தான் இருக்கு, நான் மறுக்கலை. ஆனா விளைவுக்குத் தனியா மார்க் இருக்கே" என்றார். தாளின்படி பார்த்தால் அவர் சொன்னது சரி.

அப்போதுதான் குழுத் தலைவராக இருந்த டாக்டர் பேசினார். எலும்பு முறிவுப் பிரிவில் பல வருடம் இருந்தவர். "நாங்க வாக்கர் எழுதிக் குடுக்கிறதோட சரி. அது வீட்டுக்குப் போய் என்ன ஆச்சுன்னு நான் ஒரு நாளும் கேட்டதில்லை. மறுபடி விழுந்துட்டு வந்தா, வாக்கர் பிடிச்சு நடக்கச் சொன்னேனே, ஏன் நடக்கலைன்னு அவங்களைத்தான் திட்டியிருக்கேன்." எனக்கு இந்த வழக்கின் திசையே மாறியது இந்த இடத்தில்தான். அதுவரை நான் அந்த விண்ணப்பத்துக்காகப் பரிந்து பேசியது அதன் எளிமை பிடித்திருந்ததால். அவர் சொன்னதைக் கேட்ட பிறகுதான் உறைத்தது: மருத்துவமனை, தொண்டு அமைப்பு, குடும்பம் என்று மூன்று தரப்பும் ஒரு பொருளைக் கைமாற்றிவிட்டு அவரவர் வேலை முடிந்ததாக நினைத்திருந்த இடைவெளியை, நாலாம் நாள் போன் அடைத்திருக்கிறது. அந்த இடைவெளி அங்கே இருந்ததே யாருக்கும் தெரியாது. அதைக் கண்டுபிடித்ததற்கு நாற்பதில் எத்தனை போடுவது?

இன்ஜினியர் சார் எட்டு போட்டார். விருது ஒரு செயலிக்குப் போனது. துணைக்கு ஆள் இல்லாத நோயாளிகளையும் மருத்துவமனைக்குக் கூட வரத் தயாராக இருக்கும் தன்னார்வலர்களையும் இணைக்கிற செயலி. மோசமான தேர்வு என்று சொல்ல மாட்டேன். அந்தப் பிள்ளைகள் உழைத்திருந்தார்கள். ஆனால் அது அப்போது சோதனை ஓட்டத்தில்தான் இருந்தது. ஒன்று நடந்து முடிந்த மாற்றம், மற்றொன்று நடக்கப் போவதாக நம்பப்பட்ட மாற்றம். எங்கள் தாளில் இந்த வித்தியாசத்துக்குக் கட்டமே கிடையாது.

இத்தனைக்கும் இந்தத் துறையின் மூத்த விருதுகளில் ஒன்று வேறு மாதிரித் தொடங்கியது. நிர்வாகவியல் அறிஞர் பீட்டர் டிரக்கரின் பெயரில், லாப நோக்கமற்ற அமைப்புகளின் புதுமைக்கென்று அமெரிக்காவில் 1991-ல் ஒரு விருதை நிறுவினார்கள். அதற்கு அவர்கள் எடுத்துக்கொண்ட அளவுகோல், செயல்திறனில் ஒரு புதிய பரிமாணத்தைக் கொண்டுவருகிற மாற்றம் என்பது. உலகில் முதல்முறை என்ற நிபந்தனை அதில் எங்கும் இல்லை. பழையதைக் கைவிடுவதும் டிரக்கருக்கு முக்கியம்: இன்றைக்கு இதைச் செய்யாமல் இருந்திருந்தால் புதிதாகத் தொடங்குவோமா என்று ஒவ்வொரு வேலையையும் பார்த்துக் கேட்கச் சொன்னவர் அவர். டெபாசிட்டைத் தூக்கிப்போட்ட அந்த அமைப்பு அவரிடம் போயிருந்தால் பிழைத்திருக்கும்.

சுற்றாமல் நின்ற ராட்டினம்

விருதுக்குப் பொருத்தமான யோசனை என்றால் என் நினைவுக்கு உடனே வருவது தென் ஆப்பிரிக்காவில் உருவான 'பிளேபம்ப்'. குழந்தைகள் ஏறிச் சுற்றி விளையாடுகிற ராட்டினம். அது சுற்றச் சுற்ற நிலத்தடி நீர் மேலேறி உயரத்தில் உள்ள தொட்டியை நிரப்பும். தொட்டியின் பக்கங்களில் விளம்பரப் பலகைகள். அந்த வருமானத்தில் பராமரிப்பு. கேட்டவுடனே கைதட்டத் தோன்றும். உலக வங்கியின் புத்தாக்கப் போட்டி ஒன்றில் 2000-ல் பரிசு வென்றது. 2006-ல் அமெரிக்க அரசும் சில அறக்கட்டளைகளும் சேர்ந்து 1.64 கோடி டாலர் தருவதாக அறிவித்தன. 2010-க்குள் ஆப்பிரிக்காவில் 4,000 ராட்டினங்கள் என்பது இலக்கு. நடந்தது என்னவென்றால், நன்றாக வேலை செய்துகொண்டிருந்த கைப்பம்புகளைக் கழற்றிவிட்டுச் சில இடங்களில் ராட்டினத்தை வைத்தார்கள். குழந்தைகளுக்கு நம் தண்ணீர்த் தேவைப்படி விளையாட்டு ஆசை வருவதில்லை. அவர்கள் இல்லாத நேரத்தில் பெண்கள் அந்தக் கனமான சக்கரத்தைக் குனிந்து குனிந்து தள்ளினார்கள். உடைந்தால் உள்ளூரில் சரிசெய்ய முடியவில்லை; பல கிராமங்களில் விளம்பரமும் வரவில்லை. சொன்ன அளவு தண்ணீர் கிடைக்க வேண்டுமென்றால் ஒரு நாளைக்கு 27 மணி நேரம் ராட்டினம் சுற்ற வேண்டும் என்று 2009-ல் ஒரு பிரிட்டிஷ் நாளிதழ் கணக்குப் போட்டுக் காட்டியது. பணம் கொடுத்தவர்களில் ஒன்றான கேஸ் அறக்கட்டளை, எதிர்பார்த்தது நடக்கவில்லை என்று 2010-ல் வெளிப்படையாக எழுதியது. அந்த ஒப்புதலுக்கு ஒரு விருது கொடுக்கலாம். நான் விளையாட்டாகச் சொல்லவில்லை. கனடாவில் உள்ள 'எல்லைகளற்ற பொறியாளர்கள்' அமைப்பு 2008 முதல் ஆண்டுதோறும் தன் தோல்விகளைத் தொகுத்து அறிக்கையாகவே போட்டது.

பிளேபம்பை யோசித்தவர்கள்மேல் எனக்குப் புகார் இல்லை. தவறிப்போகிற யோசனைகள் இல்லாமல் எதுவும் வராது. ஆனால் முதல் பரிசு வந்த வேகத்தைப் பாருங்கள். பரிசு ஒரு சாட்சிக் கையெழுத்து மாதிரி வேலை செய்கிறது. அடுத்து வருகிற நன்கொடையாளர் விஷயத்தைச் சோதிப்பதில்லை, பரிசைச் சோதிக்கிறார். நடுவர்கள் பார்த்திருப்பார்கள் என்று அவர் நினைக்கிறார். நடுவர்கள் பார்த்தது விண்ணப்பத்தை.

இதற்கு நேர் எதிரான கதை உப்புச் சர்க்கரைக் கரைசலுடையது. குடலில் குளுக்கோஸ் இருந்தால் சோடியமும் நீரும் சேர்ந்து உறிஞ்சப்படும் என்கிற அறிவியல் 1960-களிலேயே தெரிந்துவிட்டது. 1971-ல் வங்கதேசப் போரின்போது மேற்கு வங்கத்தில் உள்ள பங்காவ் அகதி முகாமில் காலரா பரவியது. நரம்பில் ஏற்றுகிற திரவம் தீர்ந்துகொண்டிருந்தது. டாக்டர் திலீப் மகாலனபிஸ் கரைசலைக் கலந்து, குடிக்கக் கொடுக்கும் பொறுப்பை நோயாளிகளின் உறவினர்களிடமே விட்டார். முப்பது சதவீதத்தை ஒட்டி இருந்த இறப்பு நாலு சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. எனக்கு இதைவிட ஆச்சரியமானது பின்னால் நடந்தது. 1980 முதல் பத்தாண்டுகள் 'பிராக்' அமைப்பின் பெண் ஊழியர்கள் வங்கதேசத்தில் ஒரு கோடியே 20 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளுக்குப் போய், மூன்று விரலால் அள்ளிய உப்பு, ஒரு பிடி வெல்லம், தண்ணீர் என்று தாய்மார்களுக்குக் கலக்கக் கற்றுக்கொடுத்தார்கள். போய் வந்த வீடுகளின் எண்ணிக்கைக்கு அவர்களுக்குக் கூலி இல்லை. சில வாரங்கள் கழித்து வேறொருவர் போய் விசாரிப்பார். தாய்க்கு எவ்வளவு நினைவிருக்கிறது, சரியாகக் கலக்கிறாளா என்பதைப் பொறுத்துச் சம்பளம். கரைசல் அவர்கள் கண்டுபிடித்தது இல்லை, வீட்டு வாசலில் போய்ப் பேசுவதும் உலகில் முதல்முறை இல்லை. சம்பளம் கணக்கிடும் முறையை மாற்றினார்கள். அதனால் சொல்லிக்கொடுக்கிற முறையே மாறியது. எங்கள் மூன்றாவது கேள்விக்கு அவர்கள் என்ன எழுதியிருப்பார்கள்? "புதிதாகப் பெரிய விஷயம் ஒன்றும் இல்லை" என்றுதான்.

பரிசுப் பணத்தின் ருசி

இவ்வளவு புலம்பினாலும் விருதே வேண்டாம் என்கிற கட்சி இல்லை நான். சிறிய அமைப்புக்கு விருது என்னவெல்லாம் செய்யும் என்பதை அருகில் இருந்து பார்த்திருக்கிறேன். அலுவலகங்களில் உட்கார நாற்காலி கிடைக்கும். 'இன்னும் இந்த வேலையைத்தான் பார்க்கிறாயா' என்று கேட்கிற சொந்தக்காரர்கள் கொஞ்ச நாளைக்கு வாயடைத்துப் போவார்கள். எல்லாவற்றையும்விட, பரிசுப் பணத்துக்குத் தலைப்பு கிடையாது. திட்ட நிதி என்று வருவது, இன்ன தலைப்பில் இவ்வளவுதான் செலவழிக்கலாம் என்று கட்டம் போட்டு வரும். அதில் வாக்கர் வாங்கலாம், வாக்கரைப் பற்றிப் போன் பேசுகிறவருக்குச் சம்பளம் கொடுக்க முடியாது. நிர்வாகச் செலவு கூடிவிட்டது என்று தணிக்கையில் சிவப்பு மை விழும். அந்த நர்ஸ் சம்பளம் வாங்காததால்தான் அந்த யோசனை பிறந்தது. இது பெருமைப்பட வேண்டிய விஷயமா, வெட்கப்பட வேண்டிய விஷயமா என்று எனக்குத் தெரியவில்லை.

அமெரிக்கக் கொடையாளர் மெக்கென்சி ஸ்காட் நிதியுதவிக்காக 2023-ல் அறிவித்த திறந்த அழைப்பு இந்த வகையில் என்னை யோசிக்க வைத்தது. அமெரிக்காவின் சிறிய அமைப்புகளுக்கானது. 6,353 விண்ணப்பங்கள் வந்தன. முதல் சுற்றில் விண்ணப்பித்தவர்களே ஒருவரை ஒருவர் மதிப்பிட்டார்கள். அதற்குப் பிறகுதான் வெளி நிபுணர்கள். முதலில் 250 அமைப்புகளுக்குத் தலா பத்து லட்சம் டாலர் என்று சொல்லியிருந்தார்கள். 2024 மார்ச்சில் 361 அமைப்புகளுக்கு மொத்தம் 64 கோடி டாலராக அது விரிந்தது. எதற்குச் செலவழிப்பது என்பது அவரவர் பாடு. பணத்தின் அளவை விடுங்கள், அது நம் கணக்குக்குள் வராது. முதல் சுற்றைச் சக ஊழியர்களிடம் கொடுத்ததுதான் விஷயம். வாக்கர் கொடுத்து வாங்கிய அனுபவம் உள்ள ஒருவர் அந்த இரண்டு வரியைப் படித்திருந்தால், பின்னிணைப்புக்குப் போகாமலே நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார்.

தோற்றவர்கள் கணக்கையும் யாராவது போட வேண்டும். நூறு அமைப்புகள் விண்ணப்பித்து, ஒவ்வொன்றும் இருபது மணி நேரம் செலவழித்தால் இரண்டாயிரம் மணி நேரம். ஓர் ஊழியரின் ஏறக்குறைய ஒரு வருட உழைப்பு. ஒருவருக்குப் பரிசு கொடுப்பதற்காக மற்ற தொண்ணூற்றொன்பது பேரிடம் அதை வாங்கிக்கொண்டு, பதிலுக்கு 'பங்கேற்றமைக்கு நன்றி' என்று ஒரு மின்னஞ்சல் அனுப்புகிறோம்.

இன்ஜினியர் சாரின் கேள்வி

இதையெல்லாம் ஒரு கடிதமாக எழுதி அமைப்பாளர்களுக்கு அனுப்பினேன். எதையாவது பார்த்துக் கற்றுக்கொண்டு தன் இடத்துக்கு ஏற்ப மாற்றியவர்களுக்கும் விருது உண்டு என்று சொல்லுங்கள். யாரிடமிருந்து எடுத்தீர்கள் என்று படிவத்திலேயே கேளுங்கள். எதை நிறுத்தினீர்கள் என்றும் கேளுங்கள். தோற்றவர்களுக்கு நடுவர் குறிப்புகளை அனுப்புங்கள். விருது பெற்றவர்களை மூன்று வருடம் கழித்துப் போய்ப் பார்த்து, பார்த்ததை வெளியிடுங்கள். நடுவர் குறிப்புகளை அனுப்ப உடனே ஒப்புக்கொண்டார்கள். 'யாரிடமிருந்து எடுத்தீர்கள்' என்பதை நீக்கிவிட்டார்கள், விண்ணப்பதாரர்கள் சங்கடப்படுவார்களாம். சங்கடம் அந்தப் படிவம் கற்றுக்கொடுத்தது என்று நான் சொன்னது எடுபடவில்லை.

எனக்குக் கிடைத்த வலுவான மறுப்பு இன்ஜினியர் சாரிடமிருந்துதான் வந்தது. "நல்லா வேலை செய்யறவங்களுக்குக் குடுக்கணும்னா நல்ல வேலை விருதுன்னு பேர் வைங்க, நானே முதல் ஆளா கையெழுத்துப் போடறேன். புதுமைன்னு பேர் வச்சுட்டு நிரூபிச்சதுக்கு மட்டும் குடுப்போம்னா, இன்னும் நிரூபிக்காத ஒருத்தன் எங்க போவான்? பேங்க்ல குடுப்பானா? அரசாங்கம் குடுக்குமா? தோத்தாலும் பரவாயில்லைன்னு காசு குடுக்கிற இடம் இது ஒண்ணுதான் சார்." இதற்கு நான் வைத்திருந்த பதில் அவ்வளவு நன்றாக இல்லை. நிரூபிக்காத யோசனைக்குப் பணம் கொடுங்கள், ஆனால் அதை விருது என்று சொல்லி மேடையேற்றாதீர்கள். முயற்சிப் பணம் என்று சொல்லிக் கொடுத்துவிட்டு, மூன்று வருடம் கழித்து விருதைப் பற்றிப் பேசலாம் என்றேன். மேடை இல்லாவிட்டால் நன்கொடை கொடுப்பவர்கள் வர மாட்டார்கள் என்று அமைப்பாளர்கள் பக்கம் ஒரு குரல் எழுந்தது. அது உண்மைதான் என்று எல்லோருக்கும் தெரியும்.

இப்போது பேச்சு நிற்பது செலவில். மூன்று வருடம் கழித்துப் போய்ப் பார்க்கிறவரின் போக்குவரத்துக்கும் நாட்களுக்கும் யார் கொடுப்பது? பரிசுத் தொகையில் பத்தில் ஒரு பங்கை ஒதுக்கிவைக்கலாம் என்றேன் நான். பரிசில் கை வைக்காதீர்கள், மண்டப வாடகையையும் மாலைகளையும் கேடயங்களையும் குறைத்தாலே அந்தப் பணம் தேறும் என்கிறார் இன்ஜினியர் சார். போன வருட விழாக் கணக்கை வாங்கிப் பார்த்தேன். தேறும்.